ஒன்பதாவது ஜோடி

காலை பத்தேகாலுக்குச் சங்கரலிங்கத்தை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். எடை பார்த்து, போன தடவையைவிட இரண்டு கிலோ நானூறு கூடியிருக்கிறது என்று நர்ஸ் சொன்னது வெளியே வரைக்கும் கேட்டது. செண்பகவல்லிக்கு அது தன்னைத் திட்டியது மாதிரி இருந்தது, ஏனென்றால் நேற்று ராத்திரி போதும் போதும் என்று அவர் கையை நீட்டித் தடுத்தபிறகும் ஒரு கரண்டி ரசம் ஊற்றியது அவள்தான். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் ஊற்றியதெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். இனி நாலு மணி நேரம். கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய ரத்தம் குழாய் வழியாக வெளியே போய், எந்திரத்துக்குள் சுற்றி, சுத்தமாகித் திரும்பும். இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். வாரத்துக்கு மூன்று நாள், ஒன்றரை வருஷமாக இதே ஆஸ்பத்திரி, இதே கூடம். பள்ளிக்கூடங்களுக்கு டைம்டேபிள் போட்டுத்தரும் புரோகிராம் எழுதுகிற சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை, எங்கே உட்கார்ந்து செய்தாலும் சரி என்று முதலாளி விட்டுவிட்டார். ஆனால் இன்றைக்கு மடியில் இருப்பது கம்பெனி வேலை இல்லை. சிறுநீரகம் தர ஆள் இருந்தும் பொருந்தாமல் போனவர்களை ஜோடி ஜோடியாக இந்த ஆஸ்பத்திரியில் பதிந்து வைத்திருக்கிறார்கள். உன் மனைவி என் மகனுக்குத் தரட்டும், நான் உனக்குத் தருகிறேன் என்கிற கணக்கு. அந்தப் பட்டியலைக் கோஆர்டினேட்டர் ஜெபமணி ஒரு பெரிய தாளில் எழுதிக் கலர் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, போன வாரம், இதுக்கு ஒரு புரோகிராம் எழுதிரலாமே என்று செண்பகவல்லிதான் சொன்னாள். வாய் முந்திக்கொண்டது. ஏன் சொன்னோம் என்று அன்றைக்கிலிருந்து யோசிக்கிறாள், இன்னும் பிடிபடவில்லை.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. லூப் என்றால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிற வரிகள். இரண்டு ஜோடி மாற்றிக்கொள்வதென்றால் லூப்புக்குள் ஒரு லூப். முதல் லூப் ஒருவரை எடுக்கும், உள்லூப் மற்றவரை எடுக்கும், இவர் தருவது அவருக்குப் பொருந்துகிறதா, அவர் தருவது இவருக்குப் பொருந்துகிறதா என்று லேபில் கொடுத்த அட்டவணையைப் பார்க்கும், முடிந்தது. மூன்று ஜோடி வட்டமாகக் கொடுத்துக்கொள்வதென்றால் மூன்று லூப். நாலென்றால் நாலு. திங்கட்கிழமை வரைக்கும் நாலு லூப் எழுதி வைத்திருந்தாள், ஒன்றுக்குள் ஒன்று உள்ளே தள்ளித் தள்ளி, திரையின் வலது ஓரம் வரைக்கும் வரிகள் சரிந்து போயிருந்தன. ஜெபமணி வந்து எட்டிப் பார்த்தாள். முப்பது வயதுகூட இருக்காது, கழுத்தில் அடையாள அட்டை, கையில் எப்போதும் இரண்டு போன். "சூப்பர் மேடம். அஞ்சு ஜோடின்னா பாக்குமா?" என்றாள். அஞ்சாவது லூப் போடணும் என்றாள் இவள். "ஆறுன்னா?" ஆறாவது. "எத்தனைன்னு முன்னாடியே எப்படி மேடம் தெரியும்? அடுத்த மாசம் இன்னும் ரெண்டு ஆஸ்பத்திரிக்காரங்க அவங்க லிஸ்டைத் தர்றாங்க." சும்மா கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள், முள் குத்திய இடத்திலேயே நிற்கிற மாதிரி செண்பகவல்லி நின்றுவிட்டாள். எத்தனை லூப் என்று தெரியாமல் எப்படி எழுதுவது? எழுதும்போதே எண்ணிக்கை தெரியவேண்டுமே, கை எழுதுகிறது, கைக்குத் தெரியவேண்டுமே. டைம்டேபிள் வேலையில் இந்தத் தொல்லை வந்ததே இல்லை. நாள், பீரியடு, வகுப்பு, வாத்தியார், எப்போதும் நாலு லூப், பதினோரு வருஷமாக நாலு லூப். எம்.சி.ஏ. படிக்கும்போது ஒரு ஃபங்ஷன், அதாவது பெயர் வைத்துத் தனியாக எழுதிய கட்டளைத் தொகுப்பு, தன்னையே கூப்பிட்டுக்கொள்வதைப் பற்றி ஒரு பாடம் இருந்தது, பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதினாள், புரியவில்லை. கூப்பிட்டது ஒன்று, கூப்பிடப்பட்டது இன்னொன்று, இரண்டும் ஒன்றே என்றால் திரும்பி வரும்போது யாரிடம் வரும்? அன்றைக்கும் இந்த இடத்தில்தான் தலை சுற்றியது. ஐந்தாவது லூப்பை எழுதிப் பார்ப்போமே என்று நாலாவதை நகலெடுத்து உள்ளே ஒட்டினாள், பெயரை மாற்றினாள், அடைப்புக்குறியை மூடினாள், எந்த அடைப்பு எதை மூடுகிறது என்று தெரியவில்லை, விரலால் திரையில் எண்ணினாள், மூன்று, நாலு, ஒன்று கூடுகிறது. அழித்தாள். உள்ளே ஏதோ எந்திரம் கீக் கீக் என்றது. அவருடையதா? இல்லை, அவருடைய எந்திரத்தின் சத்தம் கொஞ்சம் தடித்த சத்தம். இதெல்லாம் தெரிந்துவைத்திருக்கிறோமே என்று இருந்தது.

"என்ன தங்கச்சி, கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

காதர் மைதீன் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சிந்தாமணிப் பக்கம் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார், ஐம்பத்தைந்து வயது, அவர் மனைவி ஜுலைகாவும் இதே நேரத்தில்தான் உள்ளே இருப்பாள்.

"இன்னும் ஒண்ணும் சொல்லலண்ணே."

"எங்க நம்பர் நாலு. ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குண்ணே."

"மெஷினுக்கு நம்ம வீட்டுக் கஷ்டம் தெரியாது பாருங்க, அதான் சொல்லிவைக்கிறேன்." சிரித்தார். பிறகு தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார். "எனக்கென்னம்மா பயம்? மனுசனுக்கு ரெண்டு எதுக்கு? ஒண்ணு அவளுக்குன்னுதான் அல்லா வச்சிருக்கான். நேரா அவளுக்குக் குடுக்க முடியல, சரி, சுத்திக் குடுக்கறேன். யாருக்குப் போனா என்ன."

யாருக்குப் போனா என்ன. அவர் டீ குடிக்கப் போனபிறகும் அது அங்கேயே உட்கார்ந்திருந்தது. எப்படி இவ்வளவு லேசாகச் சொல்லமுடிகிறது? பாவனையாக இருக்குமோ? இல்லை, அவர் முகத்தில் பாவனை இல்லை, தார்ப்பாயில் ஒரு ஒட்டுப்போடுவது பற்றிப் பேசுகிற முகம்தான் அது. தனக்குத்தான் இல்லை அந்த முகம். பதினேழு வருஷத்துக்கு முன்னால் வயிற்றைக் கிழித்து மகள் மதுவந்தியை எடுத்தபோது முதுகில் போட்ட ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. வலிக்குது டாக்டர் என்றாள், வலி இருக்காதும்மா, இழுக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான் என்று பச்சை முகமூடிக்குள்ளிருந்து ஒரு குரல், இழுக்கிற மாதிரி இல்லை, வலித்தது, தோலைக் கத்தி கடக்கிற ஒவ்வொரு விரற்கடையும் தெரிந்தது, கத்தினாள், அப்புறம்தான் மயக்கம் கொடுத்தார்கள். இப்போது அப்படியெல்லாம் இல்லை, முழு மயக்கம், மூன்று சின்ன ஓட்டை, ஒரு சின்னக் கீறல், நாலாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று ஜெபமணி படம் போட்டுக் காட்டியிருக்கிறாள். எல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்ய? தெரிவது தலையில் இருக்கிறது, பயம் வேறெங்கோ இருக்கிறது, இடது விலாவுக்குக் கீழே, கையை வைத்தால் சூடாக இருக்கிற இடத்தில். அன்றைக்கு யார் தருவதென்று பேச வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது மூத்தார், எனக்குத்தான் சுகர் இருக்கே என்றார். நாத்தனார், இவுக விடமாட்டாக என்று புருஷனைக் காட்டினாள். எல்லோரும் காபி குடித்து முடித்திருந்தார்கள், செண்பகவல்லி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், நான் குடுக்கேன் என்று சொல்லிவிட்டு டம்ளர்களோடு சமையலறைக்குப் போய்விட்டாள், பின்னால் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு பரிசோதனை. அவர் ரத்தம் ஓ, இவளுடையது பி. பொருந்தாது என்று காகிதத்தைக் கொடுத்தார்கள். அப்போது அவள் என்ன செய்தாள்? அழவில்லை. லேபுக்கு எதிரே இருந்த கடையில் ஒரு ரோஸ்மில்க் வாங்கி, ஐஸ் போட்டு, நின்றபடியே குடித்தாள். அவ்வளவு ருசியாக எதையும் குடித்ததில்லை. பாதியில்தான் உறைத்தது என்ன குடிக்கிறோம் என்று. மீதியைக் கீழே வைக்கவில்லை, முழுதும் குடித்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. அதற்கப்புறம் மூன்றாம் மாதம் ஜெபமணி வந்து, பொருந்தாட்டி என்ன மேடம், மாத்திக் குடுக்கலாம் என்றாள், சட்டப்படியே செய்யலாம் என்றாள், அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. இவளும் சிரித்தாள். பதிந்துகொண்டார்கள். நம்பர் ஒன்பது.

ஒன்பது. திரையில் அந்த எண் எங்கேயும் இல்லை. மேலே முதல் வரியில், மொத்த ஜோடி எட்டு என்று இருந்தது. திங்கட்கிழமை அவளே அடித்தது. முதலில் எட்டை வைத்து ஓட்டிப் பார்ப்போம், சரியாக ஓடினால் முழுப் பட்டியலையும் போடுவோம் என்று நினைத்து அடித்தது. எல்லோரும் அப்படித்தானே செய்வார்கள், கொஞ்சம் வைத்துச் சோதித்துவிட்டுத்தானே மொத்தத்தையும் போடுவது. ஆனால் ஒன்பதில் எட்டா கொஞ்சம்? சோதிப்பதென்றால் மூன்றை வைத்துச் சோதித்திருக்கலாம், நாலை வைத்திருக்கலாம். ஒன்றை மட்டும் விட்டுவிட்டு. கடைசி ஒன்றை மட்டும். கடைசியில் இருந்ததால் விட்டாயா, விடவேண்டும் என்பதால் கடைசியைப் பார்த்தாயா? பட்டியலில் கடைசியில் இருப்பது என் குற்றமா, பதிந்த வரிசை அது. சரி, இப்போது மாற்றிவிடு, ஒரு எழுத்துத்தானே. மாற்றலாம், முதலில் லூப் பிரச்சினை முடியட்டும், அது முடியாமல் எட்டு போட்டால் என்ன ஒன்பது போட்டால் என்ன. இப்படி நினைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது, மூச்சு வந்ததே தப்பாகவும் பட்டது. நாளைக்கு மதுவந்திக்கு ஒன்று என்றால்? அப்பாவுக்கு வந்தது பிள்ளைக்கு வராதென்று என்ன நிச்சயம்? டாக்டர் சொன்னார், இது பரம்பரையாக வருகிற வகை இல்லை, கட்டுப்படாத ரத்த அழுத்தத்தால் வந்தது என்று. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், புயலுக்கும் மழைக்கும் கம்பத்தடியில் நின்றவர், தலைவலிக்கிறது தலைவலிக்கிறது என்று வருஷக்கணக்காக மாத்திரையைப் போட்டுக்கொண்டு நின்றவர். பரம்பரை இல்லை. இருந்தாலும். அவளுக்கு ஒன்று என்று வந்து நின்றால், எங்கிட்ட இருந்ததை யாருக்கோ குடுத்திட்டேண்டி என்றா சொல்வது? புருஷனுக்குத்தானே. புருஷனுக்கு இல்லை, யாருக்கோ. யாரோ புருஷனுக்கு. இதில் எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் வேறெங்கோ போய் நிற்கிறது.

"மேடம்." ஜெபமணி எதிரே நின்றாள், ஒரு போன் காதில், இன்னொன்று கையில். காதில் இருந்ததை எடுத்தாள். "மூணு மணிக்கு டாக்டருங்க மீட்டிங். லிஸ்டு எது இருந்தாலும் ரெண்டு மணிக்குள்ள எங்கிட்டக் குடுத்தீங்கன்னா அதையும் வச்சிருவேன். இல்லாட்டி அடுத்த மாசந்தான்."

"மூணும் ஏழும் மாத்திக்கலாம்னு வருது. அவ்வளவுதான் வருது."

"அது நானே கலர் பென்சில்ல கண்டுபிடிச்சது மேடம்." சொல்லிவிட்டு, சொன்னது சுருக்கென்று இருந்ததோ என்று, அவள் தோளில் கையை வைத்தாள். "பரவால்ல. பாருங்க. நீங்க பாக்கறதே பெருசு."

மணி பதினொன்றரை. அடுத்த மாதம் என்றால் பன்னிரண்டு தடவை இந்த நாற்காலி. பன்னிரண்டா, பதின்மூன்றா? எண்ணப்போனாள், நிறுத்தினாள். லூப்பை மறந்துவிடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஜெபமணி கலர் பென்சிலை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாள், அதை நினை. ஒரு எண்ணில் பென்சிலை வைக்கிறாள். இவர் யாருக்குத் தரமுடியும் என்று பார்த்து ஒரு கோடு. அந்த ஆளிடமிருந்து இன்னொரு கோடு. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்கிறாள்: கடைசியில் நிற்பவர் முதலில் நிற்பவருக்குத் தரமுடியுமா? முடியுமென்றால் வட்டம் மூடிக்கொண்டது. முடியாவிட்டால் இன்னும் ஒருவர். அவள் எத்தனை கோடு போடப்போகிறோம் என்று முன்னாலேயே எண்ணிக்கொண்டா பென்சிலை எடுக்கிறாள்? போகிறவரைக்கும் போகிறாள். அப்படியென்றால் நாலு லூப் வேண்டாம், ஐந்து வேண்டாம், ஒரே ஒரு லூப், கையில் ஒரு வரிசை. வரிசையில் இதுவரை யார் யார் நிற்கிறார்கள் என்பது மட்டும் கையில் இருந்தால் போதும். கடைசி ஆளைப் பார், பொருந்துகிற ஒருவரைப் பின்னால் நிறுத்து, வட்டம் மூடுகிறதா பார், பிறகு அந்த நீண்ட வரிசையைத் தூக்கி மறுபடி இதே ஃபங்ஷனிடமே கொடு, இதே கேள்வியைக் கேள் என்று கொடு. லூப்புகளை அவள் எழுதவேண்டியதில்லை. எத்தனை தேவையோ அத்தனை தடவை அதுவே தன்னைக் கூப்பிட்டுக்கொள்ளும். எண்ணிக்கை கைக்குத் தெரியவேண்டாம். புரிந்ததா? புரிந்தது மாதிரி இருந்தது, நேராகப் பார்த்தால் நழுவியது, ஓரக்கண்ணால் பார்த்தால் புரிந்தது. நழுவுவதற்குள் எழுதினாள், இருபது வரிகூட வரவில்லை, எழுதியது திரையின் இடது ஓரத்திலேயே அடக்கமாக நின்றது. ஓட்டினாள். ஒன்றுமே வரவில்லை. மூன்றும் ஏழும்கூட வரவில்லை.

அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ச்சுவரில் உப்பு கூடாது, வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது என்று படம் ஒட்டியிருந்தது, அதையும் படித்தாள், மறுபடி திரை. வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு அடியிலும் அச்சடிக்கச் சொன்னாள். ஒன்று. ஒன்று, நாலு. ஒன்று, நாலு, எட்டு. எட்டிலிருந்து போக வழியில்லை, சரி, திரும்பவேண்டும், திரும்பியது, ஆனால் எட்டு வரிசையிலேயே நின்றது. நாலும் நின்றது. வந்தவர் எல்லோரும் நின்றார்கள், யாரும் விலகவில்லை, கூட்டம் சேர்ந்துகொண்டே போய் ஒன்பதாவதுக்கு, இல்லை, எட்டாவதுக்கு இடமில்லாமல் நின்றுபோனது. சேர்த்தவரைத் திரும்பி வரும்போது எடுக்கவேண்டும். அந்த வழியாகப் போய்ப் பார்த்தாயிற்று, இல்லையென்று ஆயிற்று, அப்புறம் அந்த ஆளை வரிசையிலிருந்து எடுத்துவிட்டுத்தான் அடுத்த ஆளை நிறுத்தவேண்டும். அதுதான் அன்றைக்குப் பாடத்தில் விளங்காமல் போனது, யாரிடம் திரும்பி வரும் என்று. விட்ட இடத்துக்கே திரும்பி வரும், ஆனால் விட்ட இடம் விட்டபோது இருந்த மாதிரியே இருக்கவேண்டும், அதை நாம்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒரு வரி சேர்த்தாள். கடைசி ஆளை எடு. ஓட்டினாள். மூன்று, ஏழு. ஏழு, மூன்று. இரண்டு வரி வந்தது. மூன்றில் ஆரம்பித்தாலும் ஏழில் ஆரம்பித்தாலும் அதே இருவர்தான் என்று உடனே தெரிந்தது. எட்டுப் பேர் வரைக்கும் நீளமாகப் பார்த்துவிட்டது, வேறு வட்டமே இல்லை. புரோகிராம் சரி. வேலை முடிந்தது. முடிந்ததும் தான் போட்டுக்கொண்ட சாக்கும் முடிந்துபோனது தெரிந்து கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

உள்ளே ஒரு எந்திரம் கத்தியது, இன்னொன்றும் சேர்ந்துகொண்டது, நர்ஸுகள் ஓடுவது கேட்டது. அவரா? எழுந்துவிட்டாள். கதவு திறந்து, ஜுலைகா வீட்டுக்காரர் யாரு என்றார்கள். அவர் இல்லை என்றதும் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் காதர் மைதீனைத் திரும்பிப் பார்த்தாள், அவர் கையிலிருந்த டீ கப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவளிடமே நீட்டிவிட்டு உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து வந்தார். கப்பை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"பிரஷர் இறங்கிருச்சாம். இப்பப் பரவால்லையாம்."

"அப்ப சரிண்ணே."

"அது இல்ல தங்கச்சி." குரலைத் தாழ்த்தினார். "ஊசி போட இடம் இல்லங்கறாங்க. ரெண்டு கைலயும் நரம்பு போயிருச்சு. இப்பக் கழுத்துல போட்டிருக்காங்க, அது எத்தனை நாள் தாங்கும்னு தெரியாதாம். அவளுக்கு எந்த ரத்தமும் ஒத்துக்காது, அது என்னமோ ஆன்டிபாடியாம், லிஸ்டுல ஒரே ஒருத்தரோடதுதான் ஒத்துக்குமாம். ஜெபா பாப்பா சொல்லுச்சு." பிறகு கேட்டார்: "முடிஞ்சிருச்சா? எங்க நம்பர் வந்துச்சா?"

"இன்னும் பாத்துட்டு இருக்கேண்ணே" என்றாள்.

பொய்யா அது? பொய்தான். பொய் இல்லை, பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், திரை முன்னால்தானே இருக்கிறது. ஒன்பதைப் போட்டால் மட்டும் இவருக்கு வந்துவிடுமா என்ன, வராமலும் போகலாம், ஒன்பதைப் போட்டும் வராமல் போனால் நான் செய்தது ஒன்றும் தப்பில்லை என்று ஆகும், அப்படியானால் போட்டுப் பார்ப்பது நல்லதுதான், வராது, எனக்கு பி, யாருக்கு வேண்டியிருக்கிறது பி. இரண்டாம் நம்பருக்கு பி. இருபத்தாறு வயது, பெண், தரத் தயாராக இருப்பவர் அப்பா. ஜெபமணி பெயர் கொடுக்கவில்லை, எண்ணும் வயதும்தான். இருபத்தாறு வயதில் என்ன செய்துகொண்டிருப்பாள்? கல்யாணம் ஆகியிருக்குமா? வீட்டில் காலையில் கேஸை அடைத்தோமா? அடைத்தோம், அவர்தான் அடைத்தார், அடைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கவா என்று கேட்டார், ஐம்பத்திரண்டு வயது ஆள் ஒரு வாய் தண்ணீருக்குப் பெண்டாட்டியிடம் கேட்கிறார், வேண்டாம் என்றாள் இவள், பேசாமல் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அந்த ஒரு வாயைக் கொடுத்திருக்கலாம். ராத்திரி ரசம் ஊற்றியவள் காலையில் தண்ணி வேண்டாம் என்கிறாள், என்ன நியாயம் இது? இந்த யோசனையிலிருந்து நிமிர்ந்தபோது மேலே முதல் வரியில் ஒன்பது என்று இருந்தது. எப்போது மாற்றினாள் என்று அவளுக்கு நினைவில்லை. அதற்குக் கீழே விடைகளும் வந்திருந்தன.

ஏழு வரி. மூன்று ஏழு, ஏழு மூன்று, அது போக இன்னும் ஐந்து. ஐந்து வட்டம்! ஐந்தா! அத்தனையும் ஐந்து ஐந்து பேர். நாலு லூப் எத்தனை நாள் ஓடியிருந்தாலும் இதைப் பார்த்திருக்காது. விரலை வைத்துப் படித்தாள். ஒன்று, நாலு, ஒன்பது, இரண்டு, ஆறு. நாலு இருக்கிறது, காதர் அண்ணன். ஒன்பதும் இருக்கிறது. அடுத்ததைப் படித்தாள், இரண்டு, ஆறு, ஒன்று, நாலு, ஒன்பது. அடுத்தது, நாலு, ஒன்பது, இரண்டு. இல்லை, இதுவும் இல்லை. அடுத்தது. எதைத் தேடுகிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது: நாலு இருந்து ஒன்பது இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறாள். ஐந்து வரியிலும் ஒன்பது இருந்தது, ஒரு வரியில் நடுவில், ஒன்றில் கடைசியில், ஒன்றில் முதல் ஆளாகவே. மூன்று ஏழு விஷயம் உடனே புரிந்தவளுக்கு இது புரிய இவ்வளவு நேரம் ஆனது. ஐந்தும் ஒன்றுதான். எங்கே ஆரம்பித்துப் படிக்கிறோமோ அதுதான் வேறு. ஒரே வட்டம். ஒன்றாம் நம்பர்க்காரர் தருவது ஜுலைகாவுக்கு, அவளுக்கு ஒத்துக்கொள்கிற அந்த ஒரே ஒருவர் அவர்தான். காதர் மைதீன் தருவது சங்கரலிங்கத்துக்கு. செண்பகவல்லி தருவது அந்த இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு. அவள் அப்பா ஆறாம் நம்பர் நோயாளிக்கு, ஆறாம் நம்பர்க்காரர் ஒன்றுக்கு. இவள் ஒருத்தி வெளியே நின்றால் ஐந்து பேருக்கும் இல்லை. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளாக இல்லாமல்தான் இருந்தது. பயம் போயிருக்கும் என்று தடவிப் பார்த்தாள், போகவில்லை, அதே இடத்தில் இருந்தது, கூடவே அழுகையும் வந்தது, எது எதற்காக என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இந்த நிமிஷம் இதை அழித்தால் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பும் வந்துபோனது. வந்துபோகட்டும் என்று விட்டாள். ஒன்றே முக்காலுக்கு ஜெபமணியின் அறைக்குப் போய்ப் பென்டிரைவை மேஜைமேல் வைத்தாள்.

ஜெபமணி காகிதத்தில் எடுத்துப் பார்த்தாள். அவள் விரலும் எண்களைத் தொட்டுத் தொட்டுப் போனது, ஒரு சுற்று வந்து, இன்னொரு சுற்று வந்து. "அஞ்சு ஜோடி" என்றாள் மெதுவாக. "பத்து ஆப்பரேஷன். நம்ம ஆஸ்பத்திரி மட்டும் தாங்காது, ரெண்டு இடத்துல ஒரே நாள்ல வைக்கணும். டாக்டருங்கதான் சொல்லணும் மேடம், நான் ஒண்ணும் சொல்லமுடியாது." ஆனால் அவள் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள், செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தாள். "பாய்கிட்ட இப்ப எதுவும் சொல்லிராதீங்க."

"சொல்லல. ஜெபா, ஒண்ணு." கதவைத் திரும்பிப் பார்த்தாள். "இது திங்கக்கிழமையே வந்திருக்கலாம். நான்தான் எங்க நம்பரைச் சேக்காம வச்சிருந்தேன்."

ஜெபமணி காகிதத்தை மடித்தாள். "பேரைக் குடுத்துட்டு போனையே எடுக்காதவங்க இருக்காங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டேகாலுக்குச் சங்கரலிங்கம் வெளியே வந்தார், இடது கையில் பஞ்சை வைத்து அழுத்திக் கட்டியிருந்தது, முகம் வெளுத்து, உதடு காய்ந்து, எந்திரத்திலிருந்து இறங்கியதும் எப்போதும் இருக்கிற மாதிரி கொஞ்சம் சின்ன ஆளாக. நாற்காலியில் உட்காரவைத்தாள். பையில் இருந்த தண்ணீர்க் குப்பியைத் திறந்து மூடியில் ஊற்றி ஒரு வாய் கொடுத்தாள். அவர் ஆச்சரியத்தோடு பார்த்துவிட்டுக் குடித்தார்.

"அஞ்சு ஜோடி சேர்ந்து ஒரு வட்டம் வந்திருக்கு" என்றாள். "நாமளும் இருக்கோம். மூணு மணிக்கு டாக்டருங்க பேசறாங்க."

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தாள். அவர் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெபா போன் வர்றப்பல்லாம் ரெண்டா இருக்கும் எனக்கு" என்றார் சங்கரலிங்கம். "கிடைச்சிருக்கணும்னு ஒரு நெனப்பு. கிடைக்காம இருந்தாத் தேவலன்னு ஒரு நெனப்பு. மதுவந்தி பொறந்தன்னைக்கு நான் வாசல்லதான் நின்னேன் செண்பகம். நீ கத்தினது எனக்கு இன்னும் கேக்குது." நிறுத்தி மூச்சு வாங்கினார். "உங்கிட்ட நான் ஒரு வார்த்தை கேக்கவே இல்ல. நீ குடுக்கேன்னுட்டே, நான் பேசாம இருந்துக்கிட்டேன். கேட்டா மாட்டேன்னு சொல்லிருவியோன்னு."

என்னவெல்லாமோ சொல்லவேண்டும் போல் இருந்தது, ரோஸ்மில்க்கைச் சொல்லவேண்டும், எட்டு என்று அடித்ததைச் சொல்லவேண்டும், எதை முதலில் சொன்னாலும் மற்றது தப்பாக அர்த்தமாகிவிடும் போல இருந்தது. காதர் மைதீன் கூடத்தின் அந்தக் கோடியில் ஜுலைகாவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார், இவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார், இருவரும் உயர்த்தினார்கள்.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள்.

"ம்."

"ரொம்பப் பயமா இருக்கு."

அவர் கட்டில்லாத கையை அவள் கைமேல் வைத்தார். வேண்டாம் என்றால் விட்டுவிடு என்று சொல்லியிருந்தால் அவளுக்கு எரிச்சல் வந்திருக்கும். சொல்லாமல் இருந்ததும் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், மருந்துச் சீட்டு வாங்கவேண்டும், ஆட்டோ பிடிக்கவேண்டும், இருவரும் எழுந்திருக்கவில்லை. மூன்றரை மணிக்குப் போன் அடித்தது. ஜெபமணி மூச்சு வாங்கப் பேசினாள். இன்னும் எதுவும் உறுதியில்லை, மறுபடி எல்லோருக்கும் ரத்தம் பார்க்கவேண்டும், அரசாங்கக் குழுவின் அனுமதி வேண்டும், ஆனால் பெரிய டாக்டர் சரி என்றுவிட்டார், நாளைக்குக் காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்றாள்.

"ரெண்டு பேருமா?"

"இல்ல மேடம், சாருக்கு அடுத்த தடவை வர்றப்ப எடுத்துக்கலாம். நீங்க மட்டும்."

சங்கரலிங்கம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வர்றேன்" என்றாள் செண்பகவல்லி.